கடைவரம்புக் கணக்கு

எங்கள் வீட்டு மச்சில் ஒரு தகர டின் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் வாங்கிய டின். உள்ளே இருபது கார்பன் ரெசிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 1000 ஓம், 2 வாட். இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே இருபதையும் பாரலலாக நிறுத்தி, 1987இல் நான் ஈயம் பற்றவைத்தது. எல்லாம் சேர்ந்து 50 ஓம் ஆகும். 40 வாட் வரை சூடு தாங்கும். பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் இதை டம்மி லோடு என்பார்கள். டிரான்ஸ்மிட்டரை ஆண்டெனாவில் மாட்டாமல் இதில் மாட்டினால், வானத்துக்குப் போகவேண்டிய சக்தி முழுவதும் டின்னுக்குள்ளேயே சூடாகிவிடும். வெளியே யாருக்கும் தொந்தரவு இல்லாமல் அளந்து பார்க்கலாம்.

டெசிபெல் என்றால் என்ன என்று நான் கற்றது இந்த டின்னை வைத்துத்தான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. புத்தளம் உப்பளத்துப் பக்கம் வீடு. திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப்போய்ப் பரீட்சை எழுதி, மோர்ஸ் தேறி, டெல்லியிலிருந்து லைசென்ஸ் தாள் வருவதற்குக் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாளில் லைசென்ஸில் படிகள் இருந்தன. இரண்டாம் கிரேடுக்கு 50 வாட், முதல் கிரேடுக்கு 150 வாட், அட்வான்ஸ்டு கிரேடுக்கு 400 வாட். அந்த எண்களைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு ஏணி உருவாகிவிட்டது. 50 வாட்காரன் கீழ்ப்படி, 400 வாட்காரன் மேல்படி. வாட் கூடக்கூடக் குரல் தூரம் போகும் என்று முழுமையாக நம்பினேன். நான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

லைசென்ஸ் வந்தபோது கையில் இருந்தது சொந்தமாகக் கட்டிய மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர். கடைசிக் கட்டத்தில் ஒரு 807 வால்வு. அந்த வால்வை அறியாத பழைய இந்திய ஹாம் கிடையாது. கண்ணாடிக் குடுவை, உச்சந்தலையில் ஒரு உலோகத் தொப்பி, எரியும்போது உள்ளே இளஞ்சிவப்பு. எனக்கு அது 40 வாட் தந்தது. 14 மெகாஹெர்ட்ஸில் கல்கத்தாவிலிருந்த ஒரு நண்பரோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேசுவேன். அவர் தரும் ரிப்போர்ட் எப்போதும் 559. முதல் 5 தெளிவு, நடு 5 வலிமை, 9 தொனியின் சுத்தம். நடுவிலுள்ள ஐந்தை ஏழாக்க வேண்டும் என்பதே எனக்கு ஒரே ஆசை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போன ஒருவரிடம் சொல்லியனுப்பி இன்னொரு 807 வாங்கினேன். பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றவேண்டி வந்தது. அரை மாதச் சம்பளம் போயிற்று. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, இரண்டு வால்வையும் பாரலலாக ஓடவைத்து, 80 வாட் வந்ததும் கல்கத்தாவைக் கூப்பிட்டேன். புதுச் செய்தி எதையும் சொல்லாமல் ரிப்போர்ட் மட்டும் கேட்டேன்.

559 என்றார்.

சுசீந்திரம் தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு அண்ணாச்சி இருந்தார். தபால் தந்தி இலாகாவில் தொலைபேசிப் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரங்க் லைன்களை அளப்பதே அவர் தொழிலாக இருந்தது. ஹாம் லைசென்ஸ் அவரிடம் இல்லை, ஆனால் எங்கள் கூட்டத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவோம். போனேன். நடந்ததைச் சொன்னேன். கருப்பட்டிச் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"மக்கா, பேச்சிப்பாறை அணையில ரெண்டாவது மதகையும் தெறந்து விட்டாச்சு. சரி. கடைவரம்புல தண்ணி கூடுச்சா?"

"கூடல்லை அண்ணாச்சி."

"அப்பம் கொறை மதகுலயா, சானல்லயா?"

கடைவரம்பு என்பது சானலின் கடைசி வயல். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். அணை எவ்வளவு நிறைந்து நின்றாலும் கடைவரம்பில் நாற்று வாடுகிறதா இல்லையா என்பதில்தான் அந்த ஆண்டின் கதை இருக்கிறது. அண்ணாச்சி உள்ளே போய்க் கிளார்க் மடக்கை அட்டவணையைக் கொண்டுவந்தார். ஓரம் அரித்து, அட்டைக்குப் பதில் காலண்டர் தாள் ஒட்டிய புத்தகம். பள்ளிக்கூடத்தில் நானும் அதைப் புரட்டியவன்தான். இரண்டின் மடக்கை 0.3010 என்பது மனப்பாடமாகவே தெரியும். எதற்கு என்று மட்டும் தெரியாது.

"ஒவ்வொரு மடையிலயும் தண்ணி பாதி போகுண்ணு வை. மூணு மடை தாண்டினா எவ்வளவு மிச்சம்?"

"எட்டில ஒண்ணு."

"பாதி, அதுல பாதி, அதுல பாதி. கழிக்கலை, வகுத்துக்கிட்டே போறோம். டிரங்க் லைன்ல நூறு இடத்துல வகுக்கணும், நடுவுல ரிப்பீட்டர் வச்ச இடத்துல பெருக்கணும். பேப்பர் பத்தாது. மடக்கை போட்டா பெருக்கல் கூட்டலாயிடும், வகுத்தல் கழித்தலாயிடும். அதுக்குத்தான் டெசிபெல். வேற ஒரு மாயமும் கெடையாது."

பிறகு அவர் சொன்ன வரலாறு எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. டெசிபெல் ரேடியோக்காரர்கள் உண்டாக்கியதல்ல. சத்தத்தை அளக்க வந்ததும் அல்ல. தொலைபேசிக் கம்பியில் பிறந்தது. அமெரிக்காவில் பெல் நிறுவனத்துப் பொறியாளர்கள் ஆரம்பத்தில் கம்பியின் இழப்பைக் கம்பியாலேயே அளந்தார்கள். இன்ன லைன் இத்தனை மைல் ஸ்டாண்டர்டு கேபிளுக்குச் சமம் என்பார்கள். ஆனால் கேபிளின் இழப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். அதனால் 1924இல், கம்பியை விட்டுவிட்டு, வெறும் விகிதத்தின் மடக்கையை அலகாக வைத்தார்கள். டிரான்ஸ்மிஷன் யூனிட் என்று பெயர். 1928இல் அதற்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் நினைவாக டெசிபெல் என்று பெயர் மாற்றினார்கள். பெல் என்ற அலகில் பத்தில் ஒரு பங்கு. பழைய மைல் கணக்குக்கும் புதிய அலகுக்கும் பெரிய வித்தியாசம் வராதபடி பார்த்துக்கொண்டதால், லைன்மேன்களின் கைப்பழக்கம் கெடவில்லை.

விதி ஒரு வரிதான். இரண்டு சக்திகளின் விகிதத்தை எடு, மடக்கை பார், பத்தால் பெருக்கு. 80 வாட்டை 40ஆல் வகுத்தால் 2. மடக்கை 0.3010. பத்தால் பெருக்கினால் 3.

"ஒனக்குக் கெடைச்சது மூணு டெசிபெல் மக்கா. கல்கத்தாக்காரன் எஸ் மீட்டர்ல ஒரு கோட்டுக்கு ஆறு டெசிபெல். நீ அரைக் கோடு ஏறியிருக்கே. அவரு எங்க கண்டாரு?"

சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படிக்கு 6 டெசிபெல் என்பது சர்வதேச ஹாம் சங்கத்தின் ஐரோப்பிய, ஆப்பிரிக்கப் பிரிவு 1981இல் பரிந்துரைத்த கணக்கு. எஸ் 9 என்றால் ரிசீவர் வாசலில், 50 ஓமில், 50 மைக்ரோவோல்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் வோல்ட் பாதியாகும். கடைகளில் வரும் ரிசீவர்களில் பல இந்தக் கணக்குக்கு ஒத்து நிற்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அளவுகோல் இதுதான்.

அன்று திண்ணையில் அண்ணாச்சி எனக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லித்தந்தார். மடக்கைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டே சங்கதி போதும் என்றார். 3 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு. 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. மற்றதெல்லாம் இந்த இரண்டைக் கூட்டியும் கழித்தும் வரும். 6 என்றால் மூன்றும் மூன்றும். இரண்டு இரண்டு நாலு மடங்கு. 7 என்றால் பத்தில் மூன்று கழித்தது. பத்தைப் பாதியாக்கினால் ஐந்து மடங்கு. 9 என்றால் எட்டு மடங்கு. 13 என்றால் இருபது. 17 என்றால் இருபதில் மூன்று கழித்தது; நூறில் பாதி, ஐம்பது மடங்கு. வீட்டுக்குச் சைக்கிள் மிதித்து வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நான் ஏணி என்று நினைத்திருந்த 50 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எட்டு மடங்கு, அதாவது 9 டெசிபெல், அதாவது எஸ் மீட்டரில் ஒன்றரைக் கோடு என்று கணக்கு வந்தபோது, அனந்தனார் சானல் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஒன்றரைக் கோட்டுக்காகவா இத்தனை ஏக்கம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். டின் டம்மி லோடு அவர் சொல்லித்தான் செய்து வைத்திருந்தேன். ஒரு டையோடு, ஒரு கண்டென்சர், ஒரு மல்டிமீட்டர். இவ்வளவுதான் அளக்கும் கருவி. முதலில் ஒரே ஒரு 807ஐ மட்டும் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டர் வாயிலேயே டின்னை மாட்டி அளந்தோம். உச்ச வோல்ட் 63. பிறகு முற்றத்தைத் தாண்டித் தென்னையில் ஏறும் 30 மீட்டர் கேபிளை நடுவில் சேர்த்து, அதன் மறுமுனையில் டின்னை வைத்து அளந்தோம். 31க்கும் 32க்கும் நடுவில் முள் நின்றது.

"பாதி. மூணு டெசிபெல் போகுது" என்று நோட்டில் எழுதினேன்.

"அழி" என்றார்.

சக்தி பாதியானால்தான் 3. இங்கே பாதியானது வோல்ட். சக்தி வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட் பாதியானால் கரண்டும் பாதியாகும், சக்தி கால் பங்காகும். 63 வோல்ட் உச்சம் என்றால் 50 ஓமில் 40 வாட். 31.5 என்றால் 10 வாட். பத்தின் மடக்கைக் கணக்கில் நாலு மடங்கு 6 டெசிபெல். வோல்ட்டை வைத்தே கணக்குப் போட வேண்டுமானால் பத்தால் பெருக்காமல் இருபதால் பெருக்க வேண்டும், ஏனென்றால் வர்க்கம் மடக்கைக்குள் போனால் இரண்டால் பெருக்கலாகிவிடும். இரண்டின் மடக்கை 0.3010, இருபதால் பெருக்கினால் மறுபடியும் 6. இரண்டு வழியில் போனாலும் ஒரே ஊர். சக்திக்கு ஒரு டெசிபெல், வோல்ட்டுக்கு வேறு டெசிபெல் என்று இரண்டு கிடையாது. வழி மட்டுமே வேறு.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நானும் அதற்குப் பிறகு ஒரு தடவை வழுக்கினேன். 50 ஓமை 200 ஓமாக மாற்றும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி, இரண்டு பக்கமும் வோல்ட் அளந்தேன். மறுபக்கம் இரட்டிப்பு. இருபதால் பெருக்கி, 6 டெசிபெல் லாபம் என்று எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன். ஒரு கம்பிச் சுற்று எங்கிருந்து நாலு மடங்கு சக்தி கொண்டுவரும் என்று ஒரே கேள்வி கேட்டார். வோல்ட் இரட்டித்த அளவுக்குக் கரண்ட் பாதியாகியிருந்தது. சக்தி அப்படியேதான் நின்றது. இருபதால் பெருக்குகிற வழி இரண்டு பக்கமும் ஓம் ஒன்றாக இருந்தால் மட்டுமே செல்லும். பாடப்புத்தகத்தில் இந்த நிபந்தனை ஒரு வாக்கியமாக வந்து போய்விடும். கைநிறையக் கம்பி சுற்றிப் பார்த்தவனுக்கு அது மறக்காது.

கேபிளுக்கு வருகிறேன். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கறுப்புக் கேபிள். புதிதாக இருந்தால் 14 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு இரண்டு டெசிபெல்லுக்குள்தான் இழக்க வேண்டும். என்னுடையது ஆறு இழந்தது. அண்ணாச்சி ஆண்டெனாப் பக்கத்து முனையிலிருந்து ஒரு சாண் வெட்டச் சொன்னார். வெட்டி, கறுப்புத் தோலைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே செம்புப் பின்னல் செம்பாக இல்லை. கரி நிறம். விரலால் தேய்த்தால் பச்சைத் தூள் ஒட்டியது. இன்னொரு சாண் வெட்டினோம், அங்கும் அப்படியே. எட்டடி தாண்டியும் பளபளப்பு வரவில்லை. ஆண்டெனாவோடு பற்றவைத்த இடத்தை நான் சரியாக மூடாமல் விட்டிருக்கிறேன். உப்பளக் காற்றும் மழையும் பின்னலின் வழியே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருக்கின்றன. இரண்டாவது 807க்குச் செலவழித்த பணமெல்லாம் இந்தக் கரும்பச்சைத் தூளைச் சூடாக்கப் போயிருக்கிறது.

"சானல் உடைஞ்சு கெடந்திருக்கு, பாத்தியா" என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கேபிள் போட்டு, முனையில் தார் பூசி, ரப்பர் நாடா சுற்றி மூடினோம். வீட்டு இறவாரத்தில் கட்டியிருந்த ஆண்டெனாவை அவிழ்த்து இரண்டு தென்னைகளுக்கு நடுவே உயரத்தில் ஏற்றினோம். இரண்டாவது வால்வைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். வானத்தின் அயனி மண்டலம் மணிக்கு மணி மாறும் என்பதால் ஒரு நாள் ரிப்போர்ட்டை நம்பக்கூடாது என்று பத்து நாள் அதே நேரத்தில் கல்கத்தாவைக் கூப்பிட்டேன். எட்டு நாள் 579 என்றார்.

அதற்குப் பிறகு என் ரேடியோ வாழ்க்கையே வேறாகிவிட்டது. வாட்டைத் தேடுவதை விட்டுவிட்டுக் கம்பியையும் உயரத்தையும் மூட்டுகளையும் தேட ஆரம்பித்தேன். மருத்துவாழ்மலையில் ஏறி, கையடக்க செட்டை வைத்துப் பேசிப் பார்த்தேன். ஒரு மலையின் உயரம் எத்தனை டெசிபெல்லுக்குச் சமம் என்பதை அன்று நேரில் கண்டேன்.

2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் ஹாம்சாட் என்ற சிறு செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. உலகத்து ஹாம்களுக்காக இந்தியா கொடுத்தது. அதன் டிரான்ஸ்பாண்டர் சக்தி ஒரே ஒரு வாட். வீட்டு மொட்டைமாடியில் யாகி ஆண்டெனாவைக் கையில் பிடித்து, தெற்கே கடல் பக்கமிருந்து அது ஏறி வருவதைத் தொடர்வேன். ஒரு வாட் என்பது ஒரு மில்லிவாட்டைப்போல ஆயிரம் மடங்கு, 30 டிபிஎம். டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், 145 மெகாஹெர்ட்ஸில் வெட்டவெளி இழப்பு ஏறத்தாழ 136 டெசிபெல். 30இல் 136 கழித்தால் மைனஸ் 106. கையிலிருக்கும் யாகி 8 டெசிபெல் கூட்டித் தந்தால் மைனஸ் 98. இவ்வளவுதான். செயற்கைக்கோளிலிருந்து என் காது வரைக்கும் உள்ள கணக்கை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். இதையே வாட்டில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு சைபர் போட வேண்டும். அண்ணாச்சி அப்போது உயிரோடு இல்லை. அந்த மைனஸ் 98ஐ அவரிடம் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் தோன்றிக்கொண்டே இருந்தது. ஹாம்சாட் 2014 வரை பேசியது.

ஹாம்சாட் ஏவப்படுவதற்குச் சில மாதம் முன்னால்தான் சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் என்ன ஆயின என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மணக்குடிப் பாலத்தின் தளங்களை அலை பெயர்த்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் போட்டிருந்தது. அந்த மாதம், நீண்ட காலத்துக்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ ஒலிக்க வேண்டும் என்று ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்துக் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. பாரதி பிரசாத் அங்கே வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியில் இருந்தார். உலகமெங்கும் தொடர்பை உறுதிப்படுத்தும் ஒரு கார்டுக்காக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஹாம்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அவருக்கு வழிவிட்டார்கள். இன்னார் உயிரோடிருக்கிறார் என்ற செய்திகள் அந்த வழியாகத்தான் வெளியே வந்தன. எங்கள் வீட்டிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1700 கிலோமீட்டர். செய்தி ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஊரும் இருக்கும். இரைச்சலில் ஒரு எழுத்து போனால் அது வேறு ஆளின் பெயராகிவிடும். ஒரு டெசிபெல் என்பது காது உணரும் எல்லை என்று படித்திருக்கிறேன். அந்த நாட்களில் ஒரு டெசிபெல் எவ்வளவு பெரிய அளவு என்று புரிந்தது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. சில மாதம் கழித்து, தப்பி வந்த ஒரு விசைப்படகுக்காரர் தெரிந்தவர் மூலம் என்னைத் தேடி வந்தார். படகிலிருந்த 25 வாட் வயர்லெஸ் செட்டைக் காட்டிக் கேட்டார்:

"சாரே, இதை அம்பது வாட்டாக்கினா கரையில கேக்குமா?"

கணக்கு எனக்கு மனப்பாடம். 3 டெசிபெல். ஆனால் அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது அதுவல்ல. அந்த செட்டின் அலைவரிசை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். கடல் நம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் பூமி வளைந்து இறங்குகிறது. நாலு மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு நடுவே சுமார் 16 கிலோமீட்டர்தான் எட்டும். கரையில் நூறு மீட்டர் கோபுரம் இருந்தால் ஐம்பது கிலோமீட்டர். அதற்கு அப்பால் கடல்நீரே மறைப்பு. ஐம்பது வாட் ஆக்கினாலும் ஐந்நூறு வாட் ஆக்கினாலும் அந்த வளைவை ஏறித் தாண்டாது. அவர் போகும் தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்குச் செயற்கைக்கோள் வழி வேண்டும், அல்லது வானத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை வேண்டும். சொன்னேன். வெகுநேரம் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் படகில் நல்ல செட் இருந்தது, கூப்பிட்டுத்தான் இருப்பான் என்றார். நான் பேசவில்லை.

இப்போது என் தங்கையின் பேத்தி ஹாம். பொறியியல் மூன்றாம் ஆண்டு. இப்போது லைசென்ஸில் இரண்டே வகை. அவளுடையது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, 50 வாட். அதில் ஐந்து வாட்டுக்குமேல் அவள் போவதில்லை. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் பலகை ஒன்றை என் பழைய அலமாரியில் பொருத்தியிருக்கிறாள். பக்கத்தில் லேப்டாப். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை அதில் ஓடுகிறது. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை திரையில் வரிசையாக விழுகிறது: ஒரு அழைப்புக் குறி, பக்கத்தில் மைனஸ் 12, மைனஸ் 7, மைனஸ் 20. நாங்கள் வால்வைச் சூடாக்கி, காதைத் தீட்டி, ஒரு எண்ணுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த இடத்தில் நிமிஷத்துக்கு நூறு டெசிபெல் எண்கள் கொட்டுகின்றன. சீட்டுக்கட்டு அளவு நானோவிஎன்ஏ என்ற அளவுக்கருவி ஒன்றை ஆண்டெனாவில் மாட்டினால், எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும் டெசிபெல்லில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது.

ஒரு நாள் சாயங்காலம் கேட்டாள்:

"தாத்தா, மைனஸ் இருபதுன்னா நூத்துல ஒண்ணு. சரி. எதுல நூத்துல ஒண்ணு?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு டெசிபெல் எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். இன்று விற்கும் ஆண்டெனா அட்டைகளில் 9 டெசிபெல் என்று மட்டும் அச்சிடுகிறார்கள். எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டா, சாதாரண டைபோலோடு ஒப்பிட்டா என்று போடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் 2.15 டெசிபெல் வித்தியாசம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்களும் குறைவு. எங்கள் காலத்தில் எண்ணே கிடைக்காது. இப்போது எண் கிடைக்கிறது, எதோடு ஒப்பிட்டது என்பது உடன் வருவதில்லை.

எஃப்டி8 கணக்கில் அது 2500 ஹெர்ட்ஸ் அகலத்திலுள்ள மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டது என்றேன். அவளுடைய சமிக்ஞையின் அகலம் சுமார் 50 ஹெர்ட்ஸ்.

"அப்போ இரைச்சல்ல ஐம்பதுல ஒரு பங்குதான் என் பக்கத்துல இருக்கு." விரலை மடக்கினாள். "ஐம்பது மடங்குன்னா பதினேழு டெசிபெல். இருபதுல பதினேழு போனா மூணு. என்னோட இடத்துக்குள்ள பாத்தா மைனஸ் மூணுதான். இரைச்சல்ல பாதி வலு இருக்கு. அதான் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துடுது."

பத்தும் மூன்றும் மட்டும் வைத்து, மடக்கை அட்டவணை இல்லாமல், சுசீந்திரம் திண்ணையில் போட்ட அதே கணக்கு.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு அவளுக்கு வரும் ரிப்போர்ட்டுகள் இறங்க ஆரம்பித்தன. இத்தாலிக்காரர்கள் மைனஸ் 10 என்று கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் மைனஸ் 16, மைனஸ் 17. அயனி மண்டலம்தான் காரணம் என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு பத்து வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். உடனே அவளே, "வேண்டாம், மூணுதான் கிடைக்கும்" என்றாள்.

கேபிளை இறக்கினோம். ஆண்டெனாப் பக்கத்து முனையில் ஒரு சாண் வெட்டி, தோலைக் கீறினாள். கரி நிறம். விரலில் பச்சைத் தூள்.

"இதுல எத்தனை டிபி போச்சு தாத்தா?"

மச்சிலேறி டின்னை எடுத்துவந்தேன். மல்டிமீட்டரை வைத்தாள். 52 ஓம் காட்டியது. முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டு ஓம் ஏறியிருக்கிறது. பரவாயில்லை, இன்னும் அளக்கும். கேபிளின் ஒரு முனையை டிரான்ஸ்மிட்டரில் மாட்டிவிட்டு, மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நான் முற்றத்துக்கு வந்தேன்.